கப்பலில் யாருக்கு எந்த வேலை?
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் திருப்பம் எல்லாம் பேசி முடிச்சாச்சு. சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்குன்னு தலைவி அக்கா சொல்றாங்க. அந்த நேரத்தை நாங்க கேட்டு வாங்கியிருக்கோம். காரணம் என்னன்னா, போன வருஷம் மகளிர் தின விழாவில் நாங்க சொன்ன ஒரு வார்த்தையைத் திருத்த வேண்டியிருக்கு.

அன்னைக்கு ஒரு அக்கா எழுந்து, "என் பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சிருக்கான். நேவியில சேர்ந்தா கப்பல் இன்ஜின்ல போடுவாங்களா?" என்று கேட்டாங்க. நாங்க யோசிக்காம, "டிப்ளமோ இருந்தா கட்டாயம் இன்ஜின்தான் கிடைக்கும்" என்று சொல்லிட்டோம். கைதட்டினீங்க. நாங்களும் சந்தோஷமா உட்கார்ந்துட்டோம். அது தப்பு. தெரியாத விஷயத்தைத் தெரிஞ்ச மாதிரி சொன்னோம். அந்த ஒரு வார்த்தையால் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லிட்டு, உண்மையில் கடற்படையில் யாருக்கு எந்த வேலை என்று எப்படி முடிவாகிறது என்பதையும் சொல்றோம். அந்த அக்கா சம்மதம் கொடுத்த பிறகுதான் இதைப் பேசுறோம். பேரும் ஊரும் சொல்ல மாட்டோம்.

விழா முடிஞ்சு ரெண்டு மாசத்துல அந்த அக்கா அவங்க குழுவில் 50,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. தீர்மானப் புத்தகத்தில் "மகன் படிப்புச் செலவு" என்று எழுதச் சொன்னாங்க. குழுவின் பிரதிநிதிக்குச் சந்தேகம் வந்திருக்கு. படிப்புதான் முடிஞ்சு போச்சே, இப்போ என்ன செலவு? தோண்டிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. பக்கத்து ஊர் புரோக்கர் ஒருத்தர், "நேவியில் ஆள் சேர்க்குற இடத்துல எனக்கு ஆள் இருக்கு. ஒண்ணரை லட்சம் கொடுங்க, இன்ஜின் டிரேடே வாங்கித் தர்றேன்" என்று சொல்லியிருக்கார். அக்கா ஏற்கெனவே தோட்டை அடகு வெச்சு 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்துட்டாங்க. "நீங்களே மேடையில சொன்னீங்களே, டிப்ளமோவுக்கு இன்ஜின் கிடைக்கும்னு. அவரும் அதையேதான் சொன்னாரு. அதான் நம்பினேன்" என்று எங்களைப் பார்த்து கேட்டாங்க. எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரலை.

அப்புறம் இ-சேவை மையத்தில் போய் கடற்படையின் விளம்பரத்தை எடுத்து, குழுவில் பத்து பேரோட உட்கார்ந்து ஒவ்வொரு வரியா படிச்சோம். இங்கிலீஷில் இருந்ததால் மூணு மணி நேரம் ஆச்சு. இதைத்தான் முன்னாடியே செஞ்சிருக்கணும்.

அதில் என்ன இருக்கு என்பதை இப்போ சொல்றோம்.

2022 ஜூன் மாசம் அக்னிபத் திட்டம் அறிவிச்சாங்க. அதிலிருந்து கடற்படையில் சிப்பாய் நிலையில் (அங்கே மாலுமி என்று சொல்வாங்க) பெரும்பாலும் அக்னிவீரர்களாகத்தான் சேர்க்கிறாங்க. இதில் ரெண்டு வாசல் இருக்கு. ஒண்ணு எஸ்.எஸ்.ஆர். இன்னொண்ணு எம்.ஆர். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் முதலில் மனசில் வாங்கணும். ஏன்னா, எந்த மாதிரி வேலை என்பதில் பாதி, விண்ணப்பம் போடும்போதே முடிவாகிப் போகுது.

எஸ்.எஸ்.ஆர். என்றால் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படிச்சிருக்கணும். கூட வேதியியல், உயிரியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் இதில் ஒண்ணு. மொத்தத்தில் 50 சதவீதம் மார்க் வேணும். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், ஆட்டோமொபைல், கம்ப்யூட்டர் போன்ற டிப்ளமோ முடிச்சவங்களையும் இப்போ எடுத்துக்கிறாங்க. இயந்திரம், மின்சாரம், ராடார், ஆயுதம், தகவல் தொடர்பு ஆகிய தொழில்நுட்ப வேலைகள் எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான்.

எம்.ஆர். என்றால் பத்தாவது பாஸ் போதும், 50 சதவீதம். ஆனா இதில் வேலை மூணே வகை. செஃப், அதாவது சமையல். ஸ்டுவர்டு, அதாவது அதிகாரிகள் சாப்பிடும் இடத்தில் பரிமாறுவது, அறைகளைப் பராமரிப்பது, அங்குள்ள கணக்கு வழக்கைப் பார்ப்பது. ஹைஜீனிஸ்ட், அதாவது கழிவறை, குளியலறை, மற்ற இடங்களின் சுகாதாரம். எந்த வேலையும் கேவலம் இல்லை. கப்பலில் சோறு இல்லாம ஒரு நாள் ஓடாது. ஆனா "நேவி வேலை" என்று மட்டும் கேள்விப்பட்டு, பிளஸ் டூ கணக்கு குரூப்பில் நல்ல மார்க் எடுத்த பிள்ளை, தெரியாம எம்.ஆருக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுட்டு, பிறகு "இன்ஜினுக்கு மாத்திக் கொடுங்க"ன்னு கேட்டா நடக்காது. நம்ம பகுதியிலேயே இப்படி ஒரு பிள்ளை விண்ணப்பம் போட இருந்தது. கடைசி நேரத்தில் பார்த்துத் திருத்தினோம்.

உயிரியல் குரூப் படிச்ச பிள்ளைங்க வீட்டில் இருந்தா ஒரு தகவல். மருத்துவ உதவியாளர் வேலைக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் கேட்டு 2025ல் தனி விளம்பரம் வந்தது. அது வேற வழி. எஸ்.எஸ்.ஆரில் சேர்ந்து அதைக் கேட்டு வாங்கலாம்னு யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, எஸ்.எஸ்.ஆரில் பிள்ளை தேர்வு ஆயிடுச்சு. உள்ளே இன்ஜினா, எலக்ட்ரிக்கலா, சிக்னலா என்று யார் முடிவு பண்றாங்க?

விளம்பரத்தில் பயிற்சி பற்றிய பத்தியில் சின்னதா ஒரு வரி இருக்கு. அடிப்படைப் பயிற்சி சிலிகாவில். அதன் பிறகு ஒதுக்கப்பட்ட தொழிலில் பயிற்சி. எந்தத் தொழில் என்பது கடற்படையின் தேவைக்கு ஏற்றபடி ஒதுக்கப்படும். அவ்வளவுதான். "உங்கள் டிப்ளமோவுக்கு ஏற்றபடி" என்று அதில் இல்லை. "நீங்கள் விரும்பியபடி" என்றும் இல்லை. இந்த வரியைப் படிச்சதும் அந்த அக்கா கையில இருந்த பேனாவைக் கீழே வெச்சுட்டாங்க.

"தேவை"ன்னா என்ன என்று அங்கேயே ஒரு பெரியம்மா கேட்டாங்க. நல்ல கேள்வி. 2022 செப்டம்பர் 2ம் தேதி கொச்சியில் விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலைக் கடற்படையில் சேர்த்தாங்க. அதில் மட்டும் சுமார் 1,600 பேர் வேலை செய்ய வேண்டும். நம்ம பஞ்சாயத்தில் ஒரு பெரிய ஊர் மாதிரி. அந்த ஊரை ஓட்ட நாலு பெரிய கேஸ் டர்பைன் இன்ஜின். அதைப் பார்க்க ஆள் வேணும். கரண்ட் தயாரிக்க, ஒயரிங் பார்க்க ஆள் வேணும். ராடார் திரையில் எதிரே என்ன வருதுன்னு கணக்கிட்டுச் சொல்ல, தண்ணிக்கடியில் சத்தம் கேட்டு நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க, ரேடியோவில் செய்தி அனுப்ப, விமானத்தைத் தளத்தில் நகர்த்த, ஸ்டோர் கணக்கு எழுத, இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஆள் வேணும். இன்ஜின் ரூமுக்கு மட்டும் எல்லாரையும் அனுப்பிட்டா ராடாருக்கு முன்னாடி யார் உட்காருவாங்க? ஒவ்வொரு அணியிலும் எந்தத் தொழிலில் எத்தனை இடம் காலி என்ற கணக்கு முதலில் வரும். பிள்ளையோட ஆசை அதுக்குப் பிறகுதான். ஊர்த் திருவிழா அன்னதானத்தில் எல்லாருமே கரண்டி பிடிக்கணும்னு சொன்னா காய் நறுக்க ஆள் இருக்காது, இல்லையா?

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துடறோம். சில பையன்கள் செல்போனில் வீடியோ பார்த்துட்டு வந்து, "சேரும்போதே என்ன வேலைன்னு ஒப்பந்தத்தில எழுதிக் கொடுப்பாங்க, நாம பார்த்துத்தான் கையெழுத்துப் போடணும்" என்று சொல்றாங்க. அவங்க பார்த்தது அமெரிக்கக் கடற்படை. அங்கே ஆஸ்வாப் என்று ஒரு தேர்வு உண்டு. கணக்கு, படிச்சுப் புரிஞ்சுக்கிறது, இயந்திர அறிவு, மின்சார அறிவு என்று பகுதி பகுதியா மார்க் வரும். ஒவ்வொரு வேலைக்கும் எந்தெந்தப் பகுதியைக் கூட்டினா எவ்வளவு வரணும்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. அந்த மார்க், உடல்தகுதி, அன்னைக்குக் காலியா இருக்கிற இடம் மூணையும் பார்த்து ஒரு அலுவலர் பட்டியலைக் காட்டுவார். அதில் ஒண்ணைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தத்தில் எழுதிக்கலாம். அப்புறம்தான் பயிற்சிக்குப் போவாங்க. அங்கேயும் பயிற்சிப் பள்ளியில் ஃபெயில் ஆனா, கடற்படை தன் தேவைக்கு வேற வேலையில் போட்டுடும். அந்த முறை நல்லதா நம்ம முறை நல்லதா என்பது வேற விவாதம். எங்களைக் கேட்டா, பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல இடம் இருக்கிறது நல்லதுன்னுதான் தோணுது. ஆனா அங்கே உள்ள நடைமுறையை நினைச்சு இங்கே கையெழுத்துப் போடக் கூடாது.

இப்போ நம்ம பிள்ளை கடக்க வேண்டிய படிகளைச் சொல்றோம்.

முதலில் கம்ப்யூட்டரில் தேர்வு. எஸ்.எஸ்.ஆருக்கு 100 கேள்வி, ஒரு மணி நேரம். இங்கிலீஷ், அறிவியல், கணக்கு, பொது அறிவு என்று நாலு பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் தனியா பாஸ் ஆகணும். தப்பா எழுதினா கால் மார்க் குறையும். தெரியாததைக் குத்துமதிப்பா எழுதி வைக்கிற பழக்கம் இங்கே உதவாது. கேள்வித்தாள் இந்தியிலும் இங்கிலீஷிலும்தான் வருது. தமிழில் இல்லை. தமிழ் வழியில் படிச்ச நம்ம பிள்ளைங்க இங்கேதான் அதிகம் தடுமாறுறாங்க. கணக்கு தெரியும், கேள்வி புரியாது. இது நியாயமில்லை என்பது எங்கள் கருத்து. ஆனா அதைச் சொல்லிட்டே உட்கார்ந்திருக்க முடியாது. "வேகம்", "அழுத்தம்", "மின்னோட்டம்" இதெல்லாம் இங்கிலீஷில் என்னன்னு பத்தாவது புத்தகத்தில் இருந்தே எழுதிப் பழகச் சொல்லுங்க.

தேர்வுக் கட்டணம் சமீப வருஷங்களில் 550 ரூபாய், கூட ஜிஎஸ்டி. மொத்தம் 649. கடற்படைக்கு நீங்க கட்ட வேண்டிய பணம் இவ்வளவுதான். 1,50,000 எங்கே, 649 எங்கே!

அதில் தேறினா அடுத்த கட்டம். 1.6 கிலோமீட்டர் ஓட்டம். பையன்கள் 6 நிமிஷம் 30 விநாடியில், பெண்கள் 8 நிமிஷத்தில் முடிக்கணும். உயரம் ஆண்களுக்கு 157 சென்டிமீட்டர். பிறகு மருத்துவப் பரிசோதனை. கண் பார்வை, நிறம் பிரிச்சுப் பார்க்கிறது, காது, பல் எல்லாம் பார்ப்பாங்க. காதில் குறும்பி எடுத்துட்டு, பல்லைச் சுத்தம் பண்ணிட்டு வாங்கன்னு விளம்பரத்திலேயே போட்டிருக்காங்க. சிரிக்காதீங்க, இந்தச் சின்ன விஷயத்துக்கே அலைஞ்ச பிள்ளைங்க உண்டு. நிறக் குறைபாடு இருக்கான்னு ஊரிலேயே கண் டாக்டரிடம் ஒரு தடவை பார்த்துட்டா, பின்னாடி ஏமாற்றம் இருக்காது.

எல்லாம் முடிஞ்சு சிலிகா. ஒடிசா மாநிலத்தில் குர்தா மாவட்டத்தில், சிலிகா ஏரி ஓரத்தில் இருக்கு. சென்னையிலிருந்து ஹவுரா போற ரயில் பாதையில், புவனேஸ்வருக்கு முன்னாடியே வந்துடும். அங்கேயும் இறுதி மருத்துவப் பரிசோதனை உண்டு. முதல் அக்னிவீரர் அணி 2022 நவம்பரில் அங்கே சேர்ந்து, 2023 மார்ச் 28ம் தேதி பயிற்சி முடிச்சு அணிவகுப்பு நடத்தினாங்க. சுமார் 2,600 பேர். அதில் 270க்கு மேல் பெண்கள். மாலுமி நிலையில் பெண்களை எடுத்தது கடற்படை வரலாற்றில் அதுதான் முதல் தடவை. பெண்களையும் கப்பலுக்கு அனுப்புவோம்னு கடற்படை 2022லேயே சொல்லிடுச்சு. அதனால "பொம்பளப் பிள்ளைக்கு ஆபீஸ் வேலைதான் தருவாங்க" என்று நினைச்சு யாரும் அனுப்ப வேண்டாம். யாரும் அனுப்பாமலும் இருக்க வேண்டாம்.

சிலிகாவுக்குப் பிறகு தொழில் பயிற்சி. எந்தத் தொழில் ஒதுக்கினாங்களோ அதுக்குத் தகுந்த ஊர். இன்ஜின் வேலை என்றால் மகாராஷ்டிராவில் லோனாவாலா. எலக்ட்ரிக்கல் என்றால் குஜராத்தில் ஜாம்நகர். பீரங்கி, சிக்னல் போன்றவை கொச்சி. நீர்மூழ்கி என்றால் விசாகப்பட்டினம். சமையல், ஸ்டோர் என்றால் மும்பை மலாடு. பயிற்சியில் சரியாகச் செய்யாவிட்டால் வீட்டுக்கு அனுப்பவும் விதி இருக்கு.

அந்த அக்கா மகனுக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறீங்க, தெரியுது. குழு அந்த உள்கடனைக் கொடுக்கலை. பிரதிநிதியோட அக்கா ஒரு மாசம் பேசலை. புரோக்கர் போனை எடுக்கலை, 15,000 போனது போனதுதான். போலீசில் புகார் கொடுக்கலாம்னு சொன்னோம். "பையன் பேரு கெட்டுப்போகும்"னு அக்கா மறுத்துட்டாங்க. பையன் ஒருமுறை தேர்வு எழுதி இங்கிலீஷ் பகுதியில் தவறிட்டான். ரெண்டாவது தடவை தேறினான். சிலிகா போனான். இன்ஜின் வரும்னு காத்திருந்தான். வந்தது சிக்னல், அதாவது தகவல் தொடர்பு.

அன்னைக்கு ராத்திரி அக்கா எங்களுக்குப் போன் பண்ணி அழுதாங்க. "மூணு வருஷம் லேத்துல நின்னு படிச்ச பிள்ளைய ரேடியோ முன்னாடி உட்கார வெச்சுட்டாங்களே"ன்னாங்க. அழுகைக்குப் பின்னாடி இருந்த பயம் வேற. நாலு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தா என்ன பண்ணுவான்? மெக்கானிக் வேலை தெரிஞ்சா ஊரில் ஒரு ஷெட்டாவது போடலாம். சிக்னல் தெரிஞ்சு என்ன பண்றது?

இந்தப் பயம் நியாயமானது. அதனால அந்தக் கணக்கையும் முழுசா சொல்றோம். அக்னிவீரர் வேலை நாலு வருஷம். அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரமா எடுப்பாங்க என்பதுதான் 2022 அறிவிப்பு. மத்தவங்க வெளியே வரணும். ஓய்வூதியம், கிராஜுவிட்டி இல்லை. முதல் வருஷச் சம்பளம் மாதம் 30,000. அதில் 30 சதவீதம், 9,000 ரூபாய், பிடிச்சு சேவா நிதியில் போடுவாங்க. கைக்கு 21,000 வரும். நாலாவது வருஷம் சம்பளம் 40,000, கைக்கு 28,000. பிடிச்ச பணத்துக்குச் சமமா அரசும் போடும். நாலு வருஷ முடிவில் 10 லட்சத்து 4 ஆயிரம், வட்டியோடு ஏறக்குறைய 11 லட்சத்து 71 ஆயிரம் என்று அரசு கணக்குக் காட்டியது. 48 லட்சத்துக்கு இன்சூரன்ஸ் உண்டு, அதுக்குப் பிள்ளை பணம் கட்ட வேண்டாம். முதல் அணிக்கு 2026 நவம்பரில் நாலு வருஷக் கணக்கு வருது. வெளியே வர்றவங்களுக்கு மத்திய ஆயுதப்படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022ல் உள்துறை அறிவிச்சிருக்கு.

இன்னொரு விஷயம். கல்யாணம் ஆகாதவங்களைத்தான் சேர்ப்பாங்க. நாலு வருஷமும் கல்யாணம் பண்ணக் கூடாது. பொண்ணுக்குத் தேர்வு எழுத வெச்சுட்டு, பின்னாடியே மாப்பிள்ளை பார்த்துட்டு இருந்தா சிக்கல். பாதியில் "பிடிக்கலை, வந்துடறேன்" என்றும் வர முடியாது, ரொம்ப விதிவிலக்கான காரணம் இருந்தாலொழிய. 18 வயசு நிறையாத பிள்ளை என்றால் பெற்றோரும் கையெழுத்துப் போடணும். பதினேழரை வயசிலேயே சேரலாம் என்பதால் அந்தக் கையெழுத்து பல வீட்டில் அம்மாதான் போடுவாங்க.

பையன் இப்போ பயிற்சி முடிச்சுட்டான். போன மாசம் லீவில் வந்திருந்தப்போ போய்ப் பார்த்தோம். "இன்ஜின் கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்"னு இன்னமும் சொல்றான். அதை மறைக்கலை. "ஆனா தேர்வுல என்னை ஃபெயில் ஆக்கின இங்கிலீஷை இப்போ தினமும் பேச வேண்டியிருக்கு"ன்னு சிரிச்சான். அடகுல இருந்த தோட்டை முதல் சம்பளத்தில் மீட்டுக் கொடுத்திருக்கான். அக்கா அதைப் போட்டுக்கிட்டுதான் இன்னைக்கு மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. எங்களை மன்னிச்சுட்டாங்களான்னு கேட்டோம். "பார்க்கலாம், அவனை நிரந்தரம் பண்ணட்டும்"னாங்க.

விளம்பரத்தைத் தமிழில் எழுதி, நாலு பக்கம் நகல் எடுத்து கூட்டமைப்பு அலுவலகத்தில் வெச்சிருக்கோம். ஒவ்வொரு அறிவிப்பிலும் தேதி, வயசு வரம்பு மாறும். அதனால விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கணும். பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. செவ்வாய், வெள்ளி மதியம் நாங்க அலுவலகத்தில் இருப்போம். வரும்போது பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் கையோட எடுத்துட்டு வாங்க.